வீட்டு ஜெனரேட்டர்: பாதுகாப்பான இணைப்பும் முறையான எர்த்தும்

மின்சாரம் எப்போதும் மண்ணுக்குள் போய்ச் சேரப் பார்க்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. மின்னோட்டம் எந்தக் கம்பிச் சுருளிலிருந்து புறப்பட்டதோ அந்தச் சுருளுக்கே திரும்பி வந்தாக வேண்டும். திரும்பி வர வழி இல்லையென்றால் அது ஓடவே ஓடாது. வெளியிலிருந்து மின்சாரம் வரும்போது அந்தச் சுருள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. மின்தடை ஏற்பட்டு ஜெனரேட்டரை இயக்கியதும், அந்தச் சுருள் உங்கள் வீட்டு வெளிப்புறத்தில் உறுமிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்குள் வந்துவிடுகிறது. வீட்டு வயரிங் அதேதான், மின்விளக்கு அதேதான், எர்த் கம்பியும் அதேதான். ஆனால் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வேண்டிய இடம் மாறிவிட்டது. இந்த ஒரு மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல் செய்யப்படும் இணைப்புகளே ஜெனரேட்டர் விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு வேராக இருக்கின்றன என்பது என் கருத்து.

நிலையான வயரிங்கில் கை வைக்கும் வேலைகள் அனைத்தையும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். பல நாடுகளில் மின் வழங்கும் நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும் சட்டப்படி கட்டாயம். அப்படியானால் இந்த வழிகாட்டி எதற்கு என்று கேட்கலாம். வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று பார்த்துக் கேள்வி கேட்க வேண்டியவரும், நள்ளிரவில் இருட்டில் அந்தச் சுவிட்சைத் திருப்பப் போகிறவரும் வீட்டுக்காரர்தான். அவருக்கு ஏன், எதற்கு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சாக்கெட் வழியாக வீட்டுக்குள் மின்சாரம் செலுத்துவது

முதலில், எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முனையிலும் பிளக் பொருத்திய ஒரு வயரைத் தயாரித்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரிலுள்ள ஒரு சாக்கெட்டிலும் செருகி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த வயரின் ஒரு பிளக் தவறிக் கழன்றால் அதன் பித்தளை முனைகளில் முழு மின்னழுத்தமும் வெளிப்படையாக நிற்கும். குழந்தை எடுத்துப் பார்த்தாலே போதும். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக்கு வெளியே இருக்கிறது.

மெயின் சுவிட்சை அணைக்க ஒரே ஒரு நாள் மறந்துவிட்டால், ஜெனரேட்டர் தரும் 230 வோல்ட் வெளிக் கம்பியில் ஏறி டிரான்ஸ்ஃபார்மரைச் சென்றடைகிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடு தெரியாது. 11,000 வோல்ட்டை 230 ஆகக் குறைக்கும் அதே கருவி, மறுபக்கத்திலிருந்து 230 கொடுத்தால் அதை 11,000 ஆக உயர்த்தும். மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அறுந்த கம்பியைக் கையில் பிடித்துச் சரிசெய்துகொண்டிருக்கும் லைன்மேனின் உயிரை அது அந்தக் கணத்திலேயே பறித்துவிடும். பக்கத்து வீடுகள் அனைத்தின் சுமையும் விழுவதால் ஜெனரேட்டர் உடனே நின்றுவிடும், ஆகவே ஆபத்தில்லை என்று வாதிடுவோர் உண்டு. கம்பி உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அறுந்திருந்தால் பக்கத்து வீடுகளின் சுமை ஏதும் உங்கள் ஜெனரேட்டர் மேல் விழாது. அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கம்பியைத்தான் ஒருவர் பழுதுபார்க்க வருவார்.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளி மின்சாரம் திரும்பிவிட்டால், இரண்டு மின்மூலங்களும் ஒத்திசைவில்லாமல் மோதும். அதில் ஜெனரேட்டரின் சுருள் எரிவதும் தீப்பிடிப்பதும் சாதாரணமாக நடக்கக்கூடியவை.

சேஞ்ச்ஓவர் சுவிட்ச்

மறதியை நம்பி உயிரை ஒப்படைக்கக் கூடாது என்பதற்காகவே சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கிறது. 1–0–2 என்று மூன்று நிலைகள் உள்ள இந்தச் சுவிட்சில் 1 வெளி மின்சாரம், 2 ஜெனரேட்டர், நடுவிலுள்ள 0 இரண்டுமற்ற நிலை. ஒன்றை முழுதாகத் துண்டித்த பிறகே மற்றொன்றை இணைக்க முடியும்படி அதன் உள்ளமைப்பே செய்யப்பட்டிருக்கிறது. எவ்வளவு அவசரப்பட்டாலும் இரண்டையும் ஒன்றாக இணைக்க இயலாது. இது மீட்டருக்கும் வீட்டின் டிபி பெட்டிக்கும் (சர்க்யூட்களுக்கு மின்சாரத்தைப் பிரித்தளிக்கும் பெட்டி) நடுவில் அமைய வேண்டும். இதன் கொள்ளளவு ஜெனரேட்டரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யப்படுவதில்லை. வெளி மின்சாரத்தின் முழுச் சுமையும் இதன் வழியாகத்தான் நாள் முழுவதும் செல்லப்போகிறது என்பதால், மெயின் பிரேக்கரின் ஆம்பியர் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, அது எத்தனை கம்பிகளைத் துண்டிக்கிறது என்பது. ஒற்றைப் ஃபேஸ் இணைப்புக்கு, மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸையும் அது திரும்பிச் செல்லும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் இரண்டு துருவச் சுவிட்சையும், மூன்று ஃபேஸ் இணைப்புக்கு நான்கு துருவச் சுவிட்சையும் நான் பரிந்துரைக்கிறேன். ஃபேஸை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலை இரண்டுக்கும் பொதுவாக விடும் முறையும் சில நாடுகளில் அனுமதிக்கப்பட்டு வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் புயலில் வெளி நியூட்ரல் கம்பியும் அறுந்து தொங்கக்கூடும். அப்போது உங்கள் ஜெனரேட்டர் அந்தக் கம்பியையே நம்பியிருப்பது நல்லதன்று. எர்த் கம்பி மட்டும் எந்தச் சுவிட்ச் வழியாகவும் செல்லக் கூடாது. அது எந்த நிலையிலும் துண்டிக்கப்படாமல், எர்த் கம்பிகள் எல்லாம் சேரும் வீட்டு எர்த் பட்டையிலிருந்து ஜெனரேட்டர் சட்டகம் வரை தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

தானாக மாறும் சேஞ்ச்ஓவர் பொருத்துவதென்றால், அதிலுள்ள இரண்டு கான்டாக்டர்களுக்கு (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்) நடுவே மின்முறைத் தடுப்பு மட்டுமன்றி இயந்திர முறைத் தடுப்பும் இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கான்டாக்டரின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் நாள் ஒன்று வரும். அன்று ஒன்று மூடியிருக்கும்போது மற்றொன்று மூடாமல் தடுப்பது, இயந்திர முறைத் தடுப்பாக இருக்கும் அந்தச் சிறிய துண்டுதான்.

சுமையும் கேபிளும்

ஜெனரேட்டரின் அளவைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்கிறேன். 5 கே.வி.ஏ. என்று எழுதியிருந்து, பவர் ஃபேக்டர் (அதில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.8 என்றால், கிடைப்பது 4 கிலோவாட். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 22 ஆம்பியர். அதில் முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து ஏற்றாமல் இருப்பது இயந்திரத்துக்கு நல்லது. மோட்டார்களைக் கணக்கிடும்போது ஓடும் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1 குதிரைத்திறன் நீர் மோட்டார் ஓடும்போது சுமார் 1,000 வாட் எடுத்தாலும், கிளம்பும் அந்த ஓரிரு நொடிகளில் அதன் மின்னோட்டம் ஐந்தாறு மடங்கு வரை எகிறும். ஃபிரிட்ஜின் கம்ப்ரசரும் அப்படித்தான். ஆகவே அத்தியாவசியமான சர்க்யூட்களை மட்டும் தனி டிபி பெட்டியில் பிரித்து, அதை மட்டும் சேஞ்ச்ஓவருடன் இணைப்பது பெரிய ஜெனரேட்டர் வாங்குவதைவிடச் சிறந்த வழி.

ஜெனரேட்டரிலிருந்து வரும் கேபிள் வீட்டைச் சந்திக்கும் இடத்தில், வெளிச் சுவரில் ஓர் இன்லெட் பெட்டி பொருத்தப்பட வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது முனைகளின் திசை. சுவரில் இருக்கும் இன்லெட்டில்தான் உலோக முனைகள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கேபிளின் முனையில் இருப்பது துளைகள் உள்ள கனெக்டராக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், கேபிள் கழன்று விழுந்தாலும் மின்சாரம் துளைகளுக்குள்ளேயே மறைந்திருக்கும். சுவரிலுள்ள முனைகளிலும், சேஞ்ச்ஓவர் 1-இல் இருக்கும்போது, எதுவும் இராது. தொழிற்சாலைகளில் பயன்படும், மழைநீர் புகாத, நீல நிற வட்ட வடிவ 16 அல்லது 32 ஆம்பியர் கனெக்டர்கள் இதற்கு மிகவும் ஏற்றவை.

கேபிள், ரப்பர் உறையிட்ட மூன்று கோர் செம்புக் கேபிளாக இருக்கட்டும். தடிமனை முடிவு செய்யும்போது சூட்டை மட்டுமன்றித் தூரத்தையும் பார்க்க வேண்டும். 2.5 சதுர மி.மீ. கேபிளில் ஒவ்வோர் ஆம்பியருக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 18 மில்லிவோல்ட் குறையும். 20 மீட்டர் நீளத்தில் 20 ஆம்பியர் சென்றால் 7 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. என்றால் அதே இழப்பு நான்கரை வோல்ட்டுக்குள் அடங்கும். கேபிளைச் சுருளாகச் சுற்றி வைத்தபடியே முழுச் சுமையில் பயன்படுத்தக் கூடாது. உள்ளே சூடு தேங்கி உறை உருகும். முழுவதும் பிரித்து, வாசற்படியில் நசுங்காமல், கால் இடறாத ஓரமாக விட வேண்டும்.

எர்த்: பலரும் தவறும் இடம்

சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் சுருளின் இரு முனைகளும் சட்டகத்துடனோ எர்த் முனையுடனோ எவ்விதத் தொடர்பும் இல்லாமல் விடப்பட்டிருக்கும். இதை மிதக்கும் நியூட்ரல் என்பார்கள். உண்மையில் அத்தகைய இயந்திரத்தில் இரண்டு கம்பிகளும் சரிசமம். ஒன்றை ஃபேஸ் என்றும் மற்றதை நியூட்ரல் என்றும் அழைப்பது பெயரளவில்தான். வேறு சில ஜெனரேட்டர்களில் நியூட்ரலைச் சட்டகத்துடன் தொழிற்சாலையிலேயே இணைத்திருப்பார்கள். உங்களுடையது எந்த வகை என்பதை அறியாமல் அடுத்த வேலையைத் தொடங்கவே கூடாது.

கையேட்டில் இது எழுதப்பட்டிருக்கும். சோதித்தும் அறியலாம். இயந்திரத்தை நிறுத்தி, எல்லா கேபிள்களையும் கழற்றி, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, சாக்கெட்டின் எர்த் முனைக்கும் நியூட்ரல் முனைக்கும் இடையே தொட்டுப் பாருங்கள். ஒலி எழுந்தால் இணைப்பு இருக்கிறது; எழவில்லை என்றால் மிதக்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஜெனரேட்டர் சுருளின் தடை மிகக் குறைவு என்பதால், இணைப்பு உள்ள இயந்திரத்தில் எர்த்துக்கும் ஃபேஸுக்கும் இடையே தொட்டாலும் மீட்டர் ஒலிக்கும். அதைக் கண்டு ஃபேஸ் சட்டகத்தில் படுகிறது என்று பதறத் தேவையில்லை. ஜெனரேட்டரின் பிரேக்கரை அணைத்துவிட்டு மீண்டும் பார்த்தால், ஃபேஸ் பக்கம் ஒலி நின்று நியூட்ரல் பக்கம் மட்டும் ஒலிக்கும்.

மிதக்கும் ஜெனரேட்டரிலிருந்து ஒரே ஒரு கருவிக்கு நேரடியாக வயர் இழுத்துப் பயன்படுத்தும்போது அது ஒரு வகையில் பாதுகாப்பானதே. ஒரு கம்பியைத் தொட்டாலும் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியில்லை. அதே இயந்திரத்தை வீடு முழுவதற்கும் இணைத்து, சட்டகத்தை மட்டும் மண்ணில் ஒரு கம்பியடித்து எர்த் செய்துவிட்டு, நியூட்ரலை எதனுடனும் இணைக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். ஃபிரிட்ஜுக்குள் ஃபேஸ் கம்பி உரசி உடற்பகுதியில் படுகிறது. திரும்பும் வழி இல்லாததால் மின்னோட்டம் ஓடாது, எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) விழாது, ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் கருவி) விழாது. ஃபிரிட்ஜ் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் கணத்திலிருந்து ஃபேஸ் மண்ணின் மின்னழுத்தத்துக்கு வந்துவிட்டது; அதுவரை தொட்டால் ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் நம்பிய நியூட்ரல் கம்பி மண்ணிலிருந்து 230 வோல்ட் உயரத்தில் நிற்கிறது. வீட்டில் யாருக்கும் இது தெரியாது. இரண்டாவது பழுதோ, ஒரு கையோ அந்த நியூட்ரலைத் தொடும் வரை தெரியாது.

ஆகவே வீட்டு வயரிங்குடன் இணைத்து, நியூட்ரலையும் மாற்றும் சேஞ்ச்ஓவரைப் பயன்படுத்தும்போது, ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்துடன் ஓரிடத்தில், ஒரே இடத்தில், செம்புக் கம்பியால் இணைக்க வேண்டும். வெளி மின்சாரத்தில் இந்த இணைப்பு டிரான்ஸ்ஃபார்மரிலோ, வீட்டு நுழைவிலோ ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. சேஞ்ச்ஓவரை 2-க்குத் திருப்பியதும் வீடு அந்த இணைப்பை இழக்கிறது என்பதால்தான் ஜெனரேட்டருக்கென்று தனியாக ஒன்று தேவைப்படுகிறது. மின்னணுச் சுற்று வழியாக மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டராக இருந்தால், அதன் நியூட்ரலை எர்த்துடன் இணைப்பதைத் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இணைப்பின் இடம் முக்கியம். அது ஜெனரேட்டர் பக்கத்தில், ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் இருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யைத் தாண்டிய பிறகு நியூட்ரலை எர்த்துடன் இணைத்தால், திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி எர்த் வழியாகப் பிரிந்து செல்லும். கருவி பழுதில்லாமலே விழுந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரர் சலித்துப்போய் ஆர்.சி.சி.பி.யையே கழற்றி எறிவதில் அது முடியும். நியூட்ரல் மாறாத வகைச் சேஞ்ச்ஓவராக இருந்தால் இதற்கு நேர்மாறு: ஜெனரேட்டரில் நியூட்ரல்–எர்த் இணைப்பு இருக்கக் கூடாது, இருந்தால் இரண்டு இணைப்புகளாகி, சுமை மின்னோட்டமே எர்த் கம்பியில் ஓடத் தொடங்கும். எந்தச் சேஞ்ச்ஓவர், எந்த ஜெனரேட்டர் என்பதைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்கக் கூடாது.

அடுத்தது மண்ணில் இறங்கும் எர்த் ராடு. செம்பு பூசிய எஃகு ராடு, ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளம், முழுவதும் மண்ணுக்குள் இறங்க வேண்டும். பாதியில் பாறை தட்டியதும் மீதியை அறுத்துவிட்டுப் போகும் பழக்கம் தவறு. வேறிடத்தில் அடிக்க வேண்டும். எப்போதும் ஈரம் இருக்கும் மண் நல்லது. அடிப்பதற்கு முன் அந்த இடத்தில் குழாயோ கேபிளோ புதைந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். எரிவாயுக் குழாயை எர்த்தாகப் பயன்படுத்தவே கூடாது. தண்ணீர்க் குழாயும் நம்பத்தக்கதன்று, அதன் ஒரு துண்டை யாரேனும் பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிட்டால் எர்த் அங்கேயே அறுந்துபோகும். ராடுக்கும் எர்த் பட்டைக்கும் இடையே குறைந்தது 6 சதுர மி.மீ. செம்புக் கம்பி, அடிபடாதபடி குழாய்க்குள் செல்லட்டும்; மண்ணில் நேரடியாகப் புதைவதானால் இன்னும் தடித்தது வேண்டும். கிளாம்ப் ஒரு சிறு குழிக்குள், மூடியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். தடையை எர்த் டெஸ்டரால் அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரால் இதை அளக்க முடியாது. 20 ஓமுக்குக் கீழே கொண்டுவருவது நல்ல இலக்கு. ஒரு ராடு போதவில்லை என்றால், இரண்டாவதை முதலாவதன் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் அடித்து இரண்டையும் இணைக்கலாம். பக்கத்திலேயே அடித்தால் பெரிய பயன் இல்லை.

ராடு அடித்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைப்பதும் தவறு என்பதை ஒரு கணக்கு காட்டும். ராடின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் முழுவதும் மண் வழியாகவே திரும்ப வேண்டியிருந்தாலும், 230-ஐ 20-ஆல் வகுத்தால் கிடைப்பது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைப் பழுதாகவே கருதாது. பழுதான கருவியிலிருந்து மின்னோட்டத்தை ஜெனரேட்டருக்குத் திருப்பிக் கொண்டுவருவது மண் அன்று. எர்த் கம்பியும் அந்த நியூட்ரல்–எர்த் இணைப்பும்தான். ராடின் வேலை வேறு: வீட்டின் மின்னழுத்தத்தை மண்ணின் அளவோடு கட்டிவைப்பதும், வெறுந்தரையில் நிற்கும் ஒருவர் ஃபேஸைத் தொட்டால் அந்தக் கசிவு ஆர்.சி.சி.பி.க்குத் தெரியும்படி திரும்பும் வழி கொடுப்பதும். உடலின் தடை 1,500 ஓம் என்றால் அவர் வழியாக 150 மில்லியாம்பியர் ஓடும். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. அதை உணர்ந்து கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

எம்.சி.பி.யை மட்டும் நம்பக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளி மின்சாரத்தில் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து எம்.சி.பி. உடனே விழும். சிறிய ஜெனரேட்டருக்கு அந்த வலு கிடையாது. தன் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு தருவதற்குள் திணறிவிடும். 2 கே.வி.ஏ. இயந்திரத்தின் முழு அளவே 9 ஆம்பியருக்குள்தான். மும்மடங்கு என்றாலும் 26. பி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாக விழுவதற்கு 48 முதல் 80 ஆம்பியர் வரை தேவை. ஆகவே ஜெனரேட்டரில் ஓடும் வீட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தே தீர வேண்டும்.

சோதனை

வேலை முடிந்ததும் எலெக்ட்ரீஷியன் உங்கள் கண் முன்னால் மூன்று அளவுகளை எடுத்துக் காட்ட வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பூஜ்யம் அல்லது ஓரிரு வோல்ட். ஃபேஸ்–எர்த் 230-க்குப் பதிலாக 90, 130 என்று நிலையில்லாமல் அலைந்தால், நியூட்ரல் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தியதும் அது விழுந்துவிட்டது, ஆகவே எர்த் சரியாக இருக்கிறது என்று சொல்லக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பொத்தான், கருவியின் உள்ளேயே ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு சிறு மின்னோட்டத்தைச் சுற்றுவழியில் அனுப்பிப் பார்க்கிறது. எர்த் கம்பிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எர்த் ராடும், நியூட்ரல்–எர்த் இணைப்பும் இல்லாத வீட்டிலும் அது டக்கென்று விழும். அந்தப் பொத்தான் காட்டுவது கருவியின் இயந்திரப் பகுதி இறுகாமல் இருக்கிறது என்பதை மட்டுமே. முழு வழியும் சரியா என்று அறிய, ஆர்.சி.சி.பி. டெஸ்டரைச் சாக்கெட்டில் செருகி, ஃபேஸிலிருந்து எர்த்துக்கு 30 மில்லியாம்பியர் விட்டுப் பார்க்க வேண்டும். இதை வெளி மின்சாரத்தில் ஒரு முறையும், ஜெனரேட்டரில் ஒரு முறையும் செய்ய வேண்டும். ஒன்றில் விழுந்து மற்றதில் விழாவிட்டால் பழுது எங்கே என்பது உடனே விளங்கிவிடும்.

இயந்திரத்தை வைக்கும் இடம்

மின்சாரத்தைவிட அமைதியாகக் கொல்லக்கூடியது புகை. ஜெனரேட்டரின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிணைந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று தொடங்கி, தூங்குபவர் விழிக்காமலே போய்விடுவார். ஆகவே ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, மூடிய முற்றத்திலோ, கதவு திறந்திருந்தாலும் கார் நிறுத்தும் அறையிலோ, பால்கனியிலோ ஓட்டக் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் கதவு ஜன்னல்களுக்கு எதிர்த்திசையைப் பார்த்தபடி வைக்க வேண்டும். பக்கத்து வீட்டின் ஜன்னலும் ஜன்னல்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். படுக்கையறைக்கு அருகில் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்கட்டும்.

மழை பெய்யும்போதுதான் மின்சாரம் போகும்; அதனால் மேலே கூரையும், நான்கு பக்கமும் காற்றோட்டமும், தண்ணீர் தேங்காத மேடையும் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்க வேண்டும். எரிபொருள் ஊற்ற இயந்திரத்தை நிறுத்தி, குறைந்தது கால் மணி நேரம் ஆறவிட வேண்டும்.

மின்தடையின்போது செய்ய வேண்டிய வரிசை

மின்சாரம் போனதும் டிபி பெட்டியிலுள்ள எம்.சி.பி.களை அணைத்து, சேஞ்ச்ஓவரை 0-க்குக் கொண்டுவாருங்கள். கேபிளை முதலில் இன்லெட்டிலும் பிறகு ஜெனரேட்டரிலும் செருகி, ஜெனரேட்டரின் பிரேக்கர் அணைந்த நிலையிலேயே இயந்திரத்தை இயக்கி, இரண்டு மூன்று நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டு, வோல்ட் மீட்டரைப் பாருங்கள். சரியாக இருந்தால் பிரேக்கரைப் போட்டு, சேஞ்ச்ஓவரை 2-க்குத் திருப்பி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போடலாம். கிளம்பும்போது அதிகம் இழுக்கும் மோட்டாரை முதலில் போட வேண்டும். அது ஓடி நிலைத்த பிறகு ஃபிரிட்ஜ், அதன் பிறகு விளக்கும் மின்விசிறியும். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு மோட்டாரைக் கடைசியில் போட்டால் மின்னழுத்தம் சரிந்து மற்ற கருவிகள் பாதிக்கப்படும்.

வெளி மின்சாரம் வந்ததும் அவசரப்பட வேண்டாம்; ஐந்து நிமிடம் பொறுத்து, அது நிலையாக இருப்பது தெரிந்த பிறகு எம்.சி.பி.களை அணைத்து, சேஞ்ச்ஓவரை 0 வழியாக 1-க்குக் கொண்டுவந்து, எம்.சி.பி.களைத் திரும்பப் போடுங்கள். ஜெனரேட்டர் மேலும் சில நிமிடம் சுமையில்லாமல் ஓடி ஆறட்டும். அதை நிறுத்தி எரிபொருள் வால்வை மூடிய பிறகே கேபிளைக் கழற்ற வேண்டும்.

கூரையில் சூரிய மின்தகடுகள் இருந்தால் ஒரு கூடுதல் கவனம் தேவை. வெளி மின்சாரத்துடன் இணைந்து இயங்கும் சோலார் இன்வெர்ட்டர், ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தையே வெளி மின்சாரம் என்று கருதி அதற்குள் மின்சாரத்தைத் தள்ளக்கூடும். ஜெனரேட்டரால் அதை ஏற்க இயலாது. எனவே அந்த இன்வெர்ட்டரின் இணைப்பு சேஞ்ச்ஓவரின் வெளி மின்சாரப் பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது ஜெனரேட்டர் ஓடும்போது தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். மூன்று ஃபேஸ் ஜெனரேட்டர் என்றால் நியூட்ரல் இணைப்பின் இறுக்கத்தை இருமுறை பாருங்கள். அது தளர்ந்தால் ஒற்றைப் ஃபேஸ் கருவிகளுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தம் போய்ச்சேரும்.

இயந்திரத்தை மாதம் ஒரு முறையேனும் சுமையுடன் ஓட்டிப் பாருங்கள். எர்த் ராடின் தடையை ஆண்டுக்கு ஒரு முறை, மண் மிகவும் காய்ந்திருக்கும் பருவத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஈரமான நாளில் கிடைக்கும் நல்ல எண் கோடையில் நிலைக்காது. அளந்த எண்ணையும் தேதியையும், நியூட்ரல்–எர்த் இணைப்பு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் சிறு வரைபடத்தையும், மேலே சொன்ன வரிசையையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, டிபி பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத ஒரு நாளில் மின்சாரம் போனால், கையில் டார்ச்சுடன் அந்தக் கதவைத் திறப்பவர் அதைப் பார்த்துத்தான் சுவிட்சைத் தொடுவார்.